தூக்க மாத்திரையும் சீட்டில் ஏறும் குறியீடும்

அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம், லோராசெபாம், எட்டிசோலம், சோல்பிடெம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எழுதித் தரப்படும் இந்த மாத்திரைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். படிக்கத் தொடங்கும் முன் ஒன்று: மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் யாரும் இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. அப்பா இறந்த சமயத்தில் தூக்கத்துக்காக டாக்டர் அல்பிரசோலம் 0.5 மி.கி. எழுதினார். ஒன்பது வருடமாக ராத்திரிக்கு ஒன்று. அளவு கூடவில்லை. ஒருநாள் விட்டுப்போனால் கை நடுங்குகிறது, பொட்டுத் தூக்கம் இல்லை. புதிதாகப் பார்த்த மனநல மருத்துவர் ஓ.பி. சீட்டில் 'எஃப் 13.2' என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் போதை அடிமை என்று உறவுக்காரப் பையன் சொல்லிவிட்டான். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.
வாசகி, தஞ்சாவூர்

அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். டாக்டர் எழுதியதை, எழுதிய அளவிலேயே சாப்பிட்டவர் அவர். இத்தனை வருடம் ஒரு மருந்து மூளையில் வேலை செய்தால் உடல் அதற்குப் பழகிவிடும். நிறுத்தினால் நடுங்கும். இது உடல்சார்ந்த சார்புநிலை. ரத்த அழுத்த மாத்திரைகளில்கூடச் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் உடல் எகிறும், அதற்காக யாரையும் அடிமை என்பதில்லை.

எஃப் 13 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.10 என்ற நோய்ப் பட்டியலில் தூக்க, அமைதி மருந்துகளுக்கான பிரிவு. அதில் .2 போட்டால் 'சார்புநிலை நோய்த்தொகுதி' என்று பொருள். அதை எழுத ஆறு அடையாளங்களில் குறைந்தது மூன்று கடந்த ஒரு வருடத்துக்குள் சேர்ந்து இருக்க வேண்டும். மாத்திரைக்கான கடும் ஏக்கம்; எப்போது, எவ்வளவு என்பதில் கட்டுப்பாடு இழப்பது; நிறுத்தினால் வரும் விலகல் குறிகள்; பழைய அளவு போதாமல் போவது; மற்ற ஈடுபாடுகளை விட்டு மாத்திரையைச் சுற்றியே நாள் ஓடுவது; கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இவைதான் அந்த ஆறு.

நீங்கள் எழுதியதில் விலகல் குறி மட்டுமே தெளிவாக இருக்கிறது. ஆனால் டாக்டர் உங்களிடம் கேட்காததை அம்மாவிடம் தனியாகக் கேட்டிருக்கக்கூடும். குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா, சில ராத்திரி இரண்டாவது மாத்திரை போட்டாரா, தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தும் தொடர்ந்தாரா? இதில் இரண்டுக்கு ஆமாம் என்றால் கணக்கு மூன்றைத் தொடக்கூடும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்.5 முறையில் பதினோரு அடையாளங்கள். 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது. அதில் ஒரு நியாயமான விதிவிலக்கு உண்டு: மருத்துவர் மேற்பார்வையில் எழுதியபடியே சாப்பிடுகிறவருக்கு, மருந்து பழகிப்போவதையும் விலகல் குறியையும் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஐ.சி.டி.10இல் அந்த விதிவிலக்கு இல்லை. அதனால்தான் ஒரே ஆளுக்கு ஒரு முறையில் நோய்ப்பெயர் வருகிறது, மற்றதில் வருவதில்லை.

அடுத்த முறை போகும்போது, எந்த மூன்று அடையாளங்களை வைத்து அப்படி எழுதினீர்கள் என்று டாக்டரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மூன்று இல்லையென்றால், 'மருத்துவர் எழுதிய அளவில் நீண்டகாலப் பயன்பாடு, உடல்சார்ந்த சார்புநிலை உண்டு, அளவை மீறியதில்லை' என்று குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பது அடுத்த இரண்டு பதில்களில் தெரியும்.

கேள்வி: மெடிக்கல் கோடிங் (மருத்துவக் குறிப்பைப் படித்து நோய்க்குரிய எண் போடும்) வேலையில் அமெரிக்க சார்ட் (நோயாளியின் குறிப்பேடு) பார்க்கிறேன். 1) என் மாமாவின் இந்திய டிஸ்சார்ஜ் சம்மரியில் எஃப் 13.24 என்று இருக்கிறது. எங்கள் புத்தகப்படி அது மனநிலைக் கோளாறோடு கூடிய சார்புநிலை. அவருக்கு அப்படி எதுவும் இல்லையே? 2) வேலையில் வரும் சார்ட்டில் 'நீண்டகால பென்சோடயசெபைன்' (அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மருந்து வகை) என்று மட்டும் இருந்தால் எஃப் 13.20 போடலாமா?
வாசகர், திருச்சி

உங்கள் மாமாவின் சம்மரியில் தவறு இல்லை. இரண்டு புத்தகங்கள் ஒரே எண்ணை வேறு வேறு அர்த்தத்தில் பயன்படுத்துகின்றன. இந்திய மருத்துவமனைகள் எடுத்துக்கொள்வது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.10. அமெரிக்க பில்லிங்குக்கு அதை மாற்றியமைத்த ஐ.சி.டி.10 சி.எம். முதல் மூன்று எழுத்துகள் ஒன்றுபோல் இருப்பதால் மற்றதும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். உலகப் பதிப்பில் எஃப் 13.24 என்றால் 'சார்புநிலை, இப்போதும் மருந்து எடுக்கிறார்'. எஃப் 13.20 என்றால் 'சார்புநிலை, இப்போது மருந்து எடுப்பதில்லை'. அமெரிக்கப் பதிப்பில் எஃப் 13.20தான் 'சார்புநிலை, சிக்கல் இல்லாதது', அதாவது பெரும்பாலும் இன்னும் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்குப் போடுவது. கிட்டத்தட்ட நேர் எதிர்.

விலகல் நிலையிலும் இதே கதை. உலகப் பதிப்பில் எஃப் 13.3 தனிப்பிரிவு: 13.30 சிக்கலற்றது, 13.31 வலிப்போடு கூடியது, 13.4 டெலிரியத்தோடு (கடும் மனக்குழப்பத்தோடு) கூடியது. அமெரிக்கப் பதிப்பில் எஃப் 13.3 என்று ஒன்றே கிடையாது. அங்கே சார்புநிலை உள்ளவரின் விலகல் சார்புநிலைக்குள்ளேயே அடங்கிவிடும்: 13.230 சிக்கலற்றது, 13.231 டெலிரியம், 13.232 புலனுணர்வுக் குழப்பம், 13.239 குறிப்பிடப்படாதது. அமெரிக்கத் திட்டத்துக்குப் பழகிய சாஃப்ட்வேரில் இந்திய மருத்துவமனை ஊழியர் எண்ணைத் தேடி எடுத்தால் தப்பான எண் ஏறிவிடும். ஆகவே எண்ணோடு நோயின் பெயரையும் எழுத்தில் எழுதுவது மிக அவசியம்.

இனி இரண்டாவது கேள்வி. போடக் கூடாது. 'நீண்டகாலமாக எடுக்கிறார்' என்பது நோய்ப்பெயர் அல்ல. மருத்துவர் அவ்வளவே எழுதியிருந்தால் அதற்குரியது இசட் 79.899, நீண்டகால மருந்து சிகிச்சை. அதோடு எந்த நோய்க்காக மருந்து என்பதற்கான கோடு முதலில் வர வேண்டும், பொதுப் பதற்றக் கோளாறு என்றால் எஃப் 41.1. சார்ட்டில் நடுக்கம், அளவு கூடியது, சீக்கிரமே மறுபடி மருந்து கேட்டது என்றெல்லாம் இருந்தாலும் அவற்றைக் கூட்டிப் பார்த்து நோயைத் தீர்மானிப்பது கோடர் வேலை அல்ல. மருத்துவருக்குக் க்யூரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள். க்யூரியில் விடையைத் திணிக்காதீர்கள். 'நோயாளி குளோனசெபாம் எடுப்பது தொடர்பான நோயறிதல் என்ன: எழுதியபடி நீண்டகாலப் பயன்பாடு, பயன்பாட்டுக் கோளாறு (லேசானது, நடுத்தரம், கடுமையானது), வேறு ஏதாவது, தீர்மானிக்க முடியவில்லை' என்று எல்லா வழியும் திறந்திருக்கும்படி கேளுங்கள்.

மருத்துவர் டி.எஸ்.எம்.5 சொற்களில் 'லேசான பயன்பாட்டுக் கோளாறு' என்று எழுதினால் எஃப் 13.10. நடுத்தரம், கடுமை இரண்டுக்கும் எஃப் 13.20. நிவாரண நிலை (நோய் அடங்கியிருப்பது) என்று மருத்துவரே எழுதினால்தான் 13.11 அல்லது 13.21. கடைசி மருந்துச் சீட்டின் தேதியைப் பார்த்து நாமாக முடிவு செய்யக் கூடாது. ஒரே மருந்துக்குப் பயன்பாடு, துஷ்பிரயோகம், சார்புநிலை மூன்றும் சார்ட்டில் இருந்தால் சார்புநிலை ஒன்றை மட்டும் போட வேண்டும். வெறும் பயன்பாட்டுக்கான எஃப் 13.9 வரிசை இன்னும் கவனம் கேட்பது: அந்தப் பயன்பாட்டால் ஒரு கோளாறு வந்ததாக மருத்துவர் தொடர்புபடுத்தி எழுதியிருந்தால் மட்டுமே அது செல்லும். எழுதியபடியே சாப்பிட்ட, பயன்பாட்டுக் கோளாறு இல்லாத ஒருவருக்கு விலகல் குறி வந்தால் 13.930இலிருந்து தொடங்கும் வரிசை உதவும். அவரைச் சார்புநிலைக்குள் தள்ள வேண்டியதில்லை.

ஆடிட்டில் அடிக்கடி பிடிபடுவது இன்னொன்று. சரியான அளவு சாப்பிட்டு மயக்கமாக இருந்தால் அது பக்கவிளைவு: அறிகுறி முதலில் (ஆர் 40.0), பிறகு டி 42.4எக்ஸ்5ஏ. தவறுதலாக அதிகம் சாப்பிட்டிருந்தால் நச்சேற்றம்: டி 42.4எக்ஸ்1ஏ முதலில், அறிகுறி பிறகு. வரிசை மாறினால் கிளைம் திரும்பி வரும்.

இதை வெறும் டினையல் (கிளைம் மறுப்பு) விஷயமாகப் பார்க்காதீர்கள். ஒரு முறை எஃப் 13.20 ஏறிவிட்டால், அடுத்த சார்ட்டுக்கு அது அப்படியே நகலாகிப் போகும். பிறகு பார்க்கும் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு மருந்தைச் சட்டென்று வெட்டினால் அவதிப்படுவது அந்த நோயாளிதான்.

கேள்வி: அண்ணனுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வருடமாகப் பதற்றத்துக்கு அல்பிரசோலம் காலை, இரவு 0.5 மி.கி. எடுப்பவர். ஆஸ்பத்திரியில் அதைத் தரவில்லை. மூன்றாம் நாள் வலிப்பு. ஐ.சி.யு.வில் நான்கு நாள். இன்சூரன்ஸ் நிறுவனம் 'போதைப் பழக்கம், விலக்கு 12' என்று ஐ.சி.யு. செலவை மறுத்துவிட்டது.
வாசகர், மதுரை

விலக்கு 12 என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக வகுத்த விலக்குகளில் ஒன்று. மது, போதைப்பொருள் துஷ்பிரயோகம், அடிமையாக்கும் எந்த நிலை, அவற்றின் விளைவு ஆகியவற்றுக்கான சிகிச்சையை அது விலக்குகிறது. உங்கள் அண்ணன் செய்தது துஷ்பிரயோகமா என்பதுதான் இதில் கேள்வி.

முதலில் மறுப்புக் கடிதத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெரும்பாலும் விதை சம்மரியில் இருக்கும். 'அல்பிரசோலம் அடிமை, வலிப்பு' என்று அவசரத்தில் யாரோ எழுதியிருப்பார்கள். காப்பீட்டுக் கிளைம் படிவத்தின் 'பி' பகுதியை மருத்துவமனைதான் நிரப்புகிறது. ஐ.சி.டி.10 எண் போடும் கட்டம் அதில்தான் இருக்கிறது. எஃப் 13.2 என்று இருந்தால் நிறுவனத்துக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. அலுவலகத்தில் பார்ப்பவர் அதோடு நிறுத்திக்கொள்வார்.

உண்மையை உண்மையாக எழுதச் சொல்வதே உங்களுக்குப் போதும். மருந்தை மறைக்கச் சொல்லாதீர்கள், நோயை மாற்றச் சொல்லாதீர்கள். 'பதற்றக் கோளாறுக்கு மருத்துவர் எழுதிய அல்பிரசோலம், நாளுக்கு மொத்தம் 1 மி.கி., ஆறு வருடம், அனுமதியின்போது நிறுத்தப்பட்டது, அதனால் விலகல் வலிப்பு' என்று சிகிச்சை செய்த மருத்துவரே விளக்கக் கடிதமாகத் தரலாம். எண் தேவைப்பட்டால் விலகல் வலிப்புக்கு எஃப் 13.31 இருக்கிறது. சிகிச்சைக்காகத் தரப்பட்ட பென்சோடயசெபைனால் வந்த பாதிப்பு என்பதைக் காட்ட ஒய் 47.1 என்ற கூடுதல் எண்ணும் அதே புத்தகத்தில் இருக்கிறது. பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆறு வருட மருந்துச் சீட்டுகளில் கிடைப்பதையெல்லாம் தேதி வரிசையில் அடுக்குங்கள். சீட்டில் '1-0-1' என்று எழுதிய அளவும், கடை பில்லில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அதைவிட வலுவான சாட்சி வேறில்லை: மாதம் 60 மாத்திரை எழுதி, 60 வாங்கியிருக்கிறார் என்பது அதிலேயே தெரியும். மருத்துவமனைப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

சட்டமும் உங்கள் பக்கம் பேசுகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4)இன்படி, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறையில் மது, மருந்துத் துஷ்பிரயோகத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அடங்கும். பதற்றக் கோளாறுக்கான சிகிச்சை மனநோய்ச் சிகிச்சை. அதற்குத் தந்த மருந்தின் விளைவைப் போதை என்று பிரித்துப் பார்க்க முடியாது என்று எழுதுங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. எந்த ஷரத்தின்படி மறுத்தார்கள், கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொண்டதா என்று கேளுங்கள். 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி குழுவின் ஒப்புதல் இல்லாமல் கிளைமை மறுக்கக் கூடாது. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் கடைசிப் பதிலிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலிசி போட்டபோது பதற்றத்துக்கு மருந்து எடுப்பதைப் படிவத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் நிறுவனம் அடுத்து அதைப் பிடிக்கும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடி நிரூபணமானால் தவிர, அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் தங்கி எடுக்கும் சிகிச்சைக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே விலக்கு 5, அதாவது ஓய்வு மற்றும் மறுவாழ்வுத் தங்கல் குறுக்கே வரும். அந்த இல்லம் பாலிசி சொல்லும் 'மருத்துவமனை' வரையறைக்குள் வராமலும் போகலாம்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். 'இது அடிமையாக்காது' என்று சொன்னார்கள் என்று நிறுத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து நெஞ்சு படபடப்பு, வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை.
வாசகர், கோவை

மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. என்பதோடு குளோனசெபாம் 0.5 மி.கி. என்றும் இருந்தால் உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நம் ஊரில் இந்த இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். பிராண்ட் பெயரில் ஒற்றை எழுத்தோ 'பிளஸ்' என்றோதான் வித்தியாசம். எட்டிசோலம், புரோப்ரனலால் சேர்ந்தவையும் உண்டு. மனச்சோர்வு மருந்தைத் திடீரென விட்டாலும் தலைசுற்றல், எரிச்சல் வரும். ஆனால் குளோனசெபாம் சேர்ந்திருந்தால் வலிப்பு அபாயமும் சேர்கிறது. இன்றே எழுதித்தந்த டாக்டரைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்தில் குறைப்பார். டாக்டர் கிடைக்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். வலிப்போ, ஆள் அடையாளம் தெரியாத குழப்பமோ வந்தால் 108.

கேள்வி: தம்பி தினமும் குளோனசெபாம் எடுக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியும். சிறுநீர்ப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' வந்தது. மாத்திரையை விற்றுவிடுகிறானா?
வாசகி, சேலம்

அவசரப்பட்டுப் பையனைக் குற்றம் சொல்லாதீர்கள். சாதாரணக் கிட் பல, டயசெபாம் வகை உடைந்து வரும் ஆக்சசெபாம் போன்ற பொருளைத் தேடுகின்றன. குளோனசெபாமும் லோராசெபாமும் அப்படி உடைவதில்லை, அதனால் அடிக்கடி நழுவிவிடும். சோல்பிடெம் அந்தக் கிட்டில் தெரியவே தெரியாது. உறுதி வேண்டுமானால் எல்.சி.எம்.எஸ். என்ற துல்லியமான ஆய்வக முறையில், குளோனசெபாமின் வழிப்பொருளான 7-அமினோகுளோனசெபாமைத் தேடச் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். எப்படி வந்தாலும் பரிசோதனை 'உடலில் மருந்து இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். சார்புநிலையைப் பேசிக் கேட்டுத்தான் கண்டறிய முடியும்.

(திருச்சி வாசகர் போன்றவர்களுக்கு: அமெரிக்க பில்லிங்கில் முதல்நிலைப் பரிசோதனைக்கு 80305, 80306, 80307 என்ற மூன்றில் ஒன்றுதான், ஒரு நாளைக்கு ஒரு முறைதான், எத்தனை மருந்து பார்த்தாலும். கிட்டைக் கண்ணால் பார்த்துப் படித்தால் 80305, கருவி உதவியோடு படித்தால் 80306, ஆய்வகப் பகுப்பாய்வுக் கருவியில் ஓட்டினால் 80307.)

கேள்வி: அல்பிரசோலம் 0.5 மி.கி. இரவில் ஒன்று. நானே பாதியாக்கிக் குறைக்கலாமா? எத்தனை நாள் ஆகும்?
வாசகர், நாகர்கோவில்

பாதியாக்குவது என்றால் ஒரே அடியில் 50 சதவீதம் குறைகிறது. அதிகம். அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2025இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் என்று தொடங்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அல்பிரசோலத்தில் சிக்கல் என்னவென்றால் பொதுவாகக் கிடைக்கும் சிறிய மாத்திரையே 0.25 மி.கி. அதைப் பிளேடால் நான்காக வெட்டினால் துண்டுகள் ஒரே அளவில் வராது, தூளாகும். 'எஸ்.ஆர்.' என்று போட்ட மாத்திரையை வெட்டவே கூடாது, மெதுவாகக் கரைய வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும். ஆகவே சில மருத்துவர்கள் டயசெபாமுக்கு மாற்றுவார்கள். அல்பிரசோலம் 0.5 மி.கி.க்கு ஏறத்தாழ 10 மி.கி. டயசெபாம் ஈடு. அது உடலில் நெடுநேரம் தங்குவதால் இரண்டு வேளைக்கு நடுவே நடுக்கம் குறைவு. 2 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கினால் 1 மி.கி. இரண்டு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் குறைத்தால் 20 வாரம், நான்கு வாரத்துக்கு என்றால் 40 வாரம். 5 மி.கி.க்கு வந்தபின் அதே 1 மி.கி. ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். அங்கே ஒவ்வொரு படியிலும் குறைப்பதை அரை மி.கி. ஆக்கி வேகத்தைத் தணிக்க வேண்டும். ஒரு படியில் தூக்கம் மோசமானால் அந்த அளவிலேயே சில வாரம் நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள்.

எழுபது தாண்டியவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் டயசெபாம் தேங்கி மயக்கமும் விழுதலும் வரும், அவர்களுக்கு வேறு வழி. முன்பு வலிப்பு வந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், டிராமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதை வீட்டில் செய்யவே கூடாது. ஆக, கேள்விக்கு நேரான பதில்: நீங்களே வேண்டாம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஓ.பி. செலவு சாதாரண பாலிசியில் வராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காசில்லாமல் பார்க்கலாம்.

கேள்வி: மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டுக்கு அல்பிரசோலம் தர மறுக்கிறார். டாக்டர் ஊரில் இல்லை. மாத்திரை நாளையோடு தீர்கிறது.
வாசகர், விழுப்புரம்

அவர் சட்டப்படி நடக்கிறார். 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் போன்றவை 'எச்1' அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே கணக்கோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. எழுதிய மருத்துவர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டையும் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'தினமும் எடுக்கிறேன், நாளைக்கு இல்லை, நிறுத்தினால் வலிப்பு வருமென்று பயமாக இருக்கிறது' என்று சொல்லி, உங்கள் டாக்டர் திரும்பும் தேதியையும் குறிப்பிடுங்கள். அதுவரைக்கு மட்டும் எழுதித் தருவது எந்த மருத்துவருக்கும் எளிது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு வாரத்துக்கான மாத்திரை கையில் இருக்கும்போதே புதுச் சீட்டு வாங்கிவிடுங்கள்.